அவிஞ்ஞோன் பாப்பரசர் அரண்மனை: டிக்கெட், டேப், ஆறாம் கிளமெண்ட்

தெற்குப் பிரான்சில் உள்ள அவிஞ்ஞோன் நகரின் பாப்பரசர் அரண்மனையைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: "உள்ளே ஒன்றுமே இல்லையே." நியாயமான குறைதான். கட்டில் கிடையாது, நாற்காலி கிடையாது, திரைச்சீலை கிடையாது. சுமார் 15,000 சதுர மீட்டர் பரப்புள்ள கல் கட்டடம். பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இருபத்தைந்து அறைகளில் நான்கைந்தைத் தவிர மற்றவை வெறும் சுவர். இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் டிக்கெட்டோடு ஹிஸ்டோபேட் என்ற டேப் (டேப்லெட் கணினி) ஒன்றையும் கையில் கொடுத்து உள்ளே அனுப்புகிறார்கள். டேப் நல்ல சாதனம். ஆனால் எல்லா அறைகளிலும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தால், கொடுத்த காசில் பாதி வீண். எங்கே அதைப் பார்க்க வேண்டும், எங்கே இறக்கிவிட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும் என்பது தெரிய, இந்த வீட்டைக் கட்டிய இருவரில் ஒருவரையாவது தெரிந்திருக்க வேண்டும்.

அவர் ஆறாம் கிளமெண்ட். இயற்பெயர் பியர் ரோஜே. 1291-இல் பிரான்சின் லிமூசேன் பகுதியில் பிறந்தவர். பத்து வயதில் லா ஷேஸ்-டியூ மடத்தில் சேர்ந்த பெனடிக்டைன் துறவி. பாரிசில் இறையியல் படித்து, 1330-இல் ரூவான் பேராயர் ஆனார்; பிறகு கர்தினால்; 1342 மே 7 அன்று திருத்தந்தையாக, அதாவது பாப்பரசராகத் தேர்வு. பத்தரை ஆண்டு ஆட்சி செய்து, 1352 டிசம்பர் 6 அன்று இறந்தார். அந்தக் காலத்தில் பாப்பரசர்கள் ரோமில் இல்லை, அவிஞ்ஞோனில் இருந்தார்கள். பதவியில் இருந்தபோது ரோமுக்கு ஒருநாள்கூடப் போகாத ரோம் ஆயர் இவர். "எனக்கு முன்பிருந்தவர்களுக்குப் பாப்பரசராக இருக்கத் தெரியவில்லை" என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு வழங்குகிறது. அவர் சொன்னாரோ இல்லையோ, கட்டடம் அதைச் சொல்கிறது.

முன்பிருந்தவர் பன்னிரண்டாம் பெனடிக்ட், சிஸ்டெர்சியன் துறவி, சிக்கனக்காரர். 1335 முதல் பியர் புவாசோன் என்ற கட்டடக் கலைஞரை வைத்து அவர் கட்டியது பழைய அரண்மனை. மடாலயமும் கோட்டையும் கலந்த அமைப்பு. கிளமெண்ட் ழான் தெ லூவ்ர் என்பவரை வைத்து அதன் தெற்கே புதிய அரண்மனையை எழுப்பினார். இரண்டும் சேர்ந்தே பதினேழு ஆண்டுக்குள் முடிந்துவிட்டன. ஐரோப்பாவின் மிகப் பெரிய கோதிக் அரண்மனை என்று சொல்லப்படும் ஒன்றுக்கு இது வியப்பான வேகம். அந்த வேகத்தின் விலையும் சுவரில் தெரிகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

டிக்கெட் விவரம். 2023 நிலவரப்படி அரண்மனைக்கு மட்டும் பெரியவர்களுக்கு 12 யூரோ. செயின்ட் பெனெசே பாலத்தையும் சேர்த்து வாங்கினால் 14.50, தோட்டத்தையும் சேர்த்தால் 17. விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும்; போகுமுன் அரண்மனையின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டேப் இந்த விலையிலேயே அடக்கம். அது ஏழு மொழிகளில் பேசும், தமிழ் அவற்றில் இல்லை. பாலத்தைச் சேர்த்து வாங்கலாமா என்றால், நேரம் இருந்தால் வாங்கலாம். 22 வளைவுகளில் 4 மட்டுமே மிஞ்சி, ஆற்றின் நடுவிலேயே நின்றுபோகும் பாலம் அது. அரை மணி நேரம் போதும். தோட்டம் வெயில் காலத்தில் இளைப்பாற உதவும், அவ்வளவுதான்.

பாரிசிலிருந்து டிஜிவி அதிவேக ரயிலில் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். ஆனால் டிஜிவி நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து உள்ளூர் ரயிலில் ஐந்தாறு நிமிடத்தில் அவிஞ்ஞோன் சென்டர் நிலையம். மதில் வாசலைத் தாண்டி நேர்த் தெருவில் வடக்கே கால் மணி நேரம் நடந்தால் கடிகாரச் சதுக்கம், அதை அடுத்து அரண்மனைத் திடல். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மிஸ்த்ரால் என்ற வடக்குக் காற்று இந்தத் திடலில் ஆளைத் தள்ளும். குடை தாங்காது, காதை மூடும் தொப்பிதான் தேவை. உள்ளேயும் கல் அறைகள் குளிரும்.

ஜூலையில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1947-இல் ழான் விலார் தொடங்கிய அவிஞ்ஞோன் நாடக விழாவின் முதன்மை மேடை இந்த அரண்மனையின் பெரிய முற்றமே. மேடையும் படிப்படியான இருக்கைகளும் முற்றத்தை அடைத்துக்கொள்ளும். நாடகம் பார்க்க வருகிறவருக்குக் கொண்டாட்டம். கட்டடம் பார்க்க வருகிறவருக்கு முற்றம் போயே போச்சு. முற்றம் போவது சின்ன இழப்பும் இல்லை, ஏனென்றால் இரண்டு பாப்பரசர்களையும் ஒரே இடத்தில் நின்று ஒப்பிட முடிவது அங்கேதான். வடக்கிலும் கிழக்கிலும் இருப்பவை பெனடிக்டின் சுவர்கள்: தடித்தவை, அலங்காரமற்றவை. தெற்கிலும் மேற்கிலும் இருப்பவை கிளமெண்ட்டினுடையவை. தெற்குச் சுவரில் உயரத்தில் ஒரு பெரிய சன்னல் இருக்கும். முற்றத்தில் கூடிய மக்களுக்குத் திருத்தந்தை ஆசி வழங்கிய சன்னல் அது. உள்ளே சுற்றி வரும்போது கடைசியில் அதன் பின்பக்கம் போய் நிற்பீர்கள். ஆகவே இப்போதே கீழிருந்து அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டேப். பயன்படுத்துவது எளிது. அறைக்குள் நுழைந்ததும் ஒரு சிறு தாங்கியில் குறியீடு ஒன்று இருக்கும். டேப்பின் கேமராவை அதன்மேல் காட்டினால், நீங்கள் நிற்கும் அறையே 14ஆம் நூற்றாண்டுக் கோலத்தில் திரையில் விரியும். டேப்பை எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தச் சுவர் தெரியும். பொருளைத் தொட்டால் விளக்கம் வரும். குழந்தைகளுக்குப் புதையல் தேடும் விளையாட்டு ஒன்றும் இருக்கிறது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இரண்டு மணி நேரம் சிணுங்காமல் நடப்பதற்கு அதுவே காரணம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கூட்ட நேரத்தில் எல்லாரும் அந்தத் தாங்கியைச் சுற்றியே குவிவார்கள். அதற்கு ஒரே மருந்து காலையில் திறந்ததும் நுழைவது. கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் தாங்கியை விட்டு விலகி, முதலில் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் குறியீட்டுக்கு வாருங்கள். இன்னொரு குறை அமைப்பிலேயே இருக்கிறது. பாப்பரசர்களின் வரவு செலவுக் கணக்கேடுகள் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எந்தத் துணி, எந்த நிறம், ஓவியருக்கு என்ன கூலி என்பதெல்லாம் அவற்றில் பதிவாகியிருப்பதால், மறு உருவாக்கத்துக்கு நல்ல அடிப்படை உண்டு. ஆனால் ஏட்டில் இருப்பதும் நிபுணரின் ஊகமும் திரையில் ஒரே பளபளப்பில் வருகின்றன. எது உறுதி, எது யூகம் என்று பார்வையாளருக்குப் பிரித்துக் காட்டியிருந்தால் இது இன்னும் நேர்மையான சாதனமாக இருந்திருக்கும்.

அறை வரிசைக்கு வருவோம். தொடக்கத்தில் கருவூலம். பாப்பரசர் கோபுரத்தின் அடித்தளம் இது. 46 மீட்டருக்கு மேல் உயரமும் மூன்று மீட்டர் தடிமனுள்ள சுவர்களும் கொண்ட இந்தக் கோபுரத்தில்தான் கீழே பணம், அதற்கு மேலே நிதிப் பொறுப்பாளரான காமர்லெங்கோவின் அறை, அதற்கும் மேலே பாப்பரசரின் படுக்கை, உச்சியில் நூலகம் என்று அடுக்கடுக்காக வைத்திருந்தார்கள். தரைக்கற்களை நெம்பினால் அடியில் பொக்கிஷக் குழிகள். டேப்பை முழுமையாக நம்ப வேண்டிய இடம் இது. வெறும் அறையில் மனக்கண்ணால் எதையும் நிரப்ப முடியாது. திரையில் பெட்டிகளும் பணப்பைகளும் கணக்கர்களின் மேசையும் வந்ததும், அரண்மனை என்பது அடிப்படையில் ஒரு வசூல் அலுவலகம் என்பது புரிந்துவிடும்.

ஒரு கணக்கை இங்கேயே போட்டுப் பார்க்கலாம். 1348 ஜூன் 9 அன்று கிளமெண்ட் அவிஞ்ஞோன் நகரத்தையே விலைக்கு வாங்கினார். விற்றவர் நேப்பிள்ஸ் அரசி முதலாம் ஜோவான்னா. விலை 80,000 ஃபுளோரின். ஒரு ஃபுளோரினில் சுமார் மூன்றரை கிராம் தங்கம் என்றால் மொத்தம் 280 கிலோ. நம் கணக்கில் 35,000 சவரன். ஒரு நகரத்துக்கு இது அதிகமா குறைவா என்று வாதிடலாம். கொள்ளைநோயில் ஊரே காலியாகிக்கொண்டிருந்த மாதத்தில் நடந்த கிரயம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அன்று வாங்கிய ஊர் 1791 வரை பாப்பரசர்களின் சொத்தாகவே இருந்தது.

அடுத்தது கன்சிஸ்டரி, கர்தினால்கள் கூடும் மன்றம். இங்கே தொங்கும் பாப்பரசர் ஓவியங்களைப் பார்த்து "கிளமெண்ட் இப்படித்தான் இருந்தாரா" என்று படம் பிடித்துக்கொள்கிறவர்கள் கவனிக்க: அவை 19ஆம் நூற்றாண்டில் ஆன்றி செர்ரூர் என்பவர் கற்பனையில் வரைந்தவை. அவற்றைக் கடந்து, அதே கூடத்தில் இருக்கும் சிமோனே மார்த்தினியின் கோட்டோவியங்களுக்குப் போங்கள். சியன்னா நகரத்தின் அந்தப் பெரிய ஓவியர் 1344-இல் இந்த ஊரில்தான் இறந்தார். பக்கத்துப் பேராலய வாசலில் அவர் தீட்டிய சுவரோவியத்தைப் பெயர்த்தபோது அடியில் கிடைத்த செந்நிற வரைவுகள் இவை. கன்னி மரியாவின் முகத்தை அவர் எப்படித் திருத்தித் திருத்திப் போட்டார் என்பது கோட்டில் தெரியும். டேப்பில் இது வராது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இந்த மன்றத்தில் நினைக்க ஒன்று இருக்கிறது. சீனத்தின் மங்கோலியப் பேரரசரிடம் தூதராகப் பன்னிரண்டாம் பெனடிக்ட் அனுப்பிய ஜொவான்னி மரிஞ்ஞோல்லி என்ற பிரான்சிஸ்கன் துறவி, 1338 டிசம்பரில் அவிஞ்ஞோனை விட்டுக் கிளம்பினார். திரும்பும் வழியில் கொல்லத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கி, மயிலாப்பூரில் தோமையார் கல்லறையைக் கண்டு, இலங்கையிலும் சிக்கிக்கொண்டு, 1353-இல் இங்கே வந்து சேர்ந்தார். அனுப்பியவர் இறந்திருந்தார், அடுத்து வந்த கிளமெண்ட்டும் இறந்திருந்தார். அறிக்கையை வாங்கிக்கொண்டவர் ஆறாம் இன்னசென்ட். கொல்லத்தை மறைமாவட்டமாக்கிய 1329ஆம் ஆண்டு ஆணையும் அவிஞ்ஞோனிலிருந்து ஆண்ட இருபத்திரண்டாம் யோவானுடையதே.

கன்சிஸ்டரியை ஒட்டிப் புனித யோவான் சிற்றாலயம். அதற்கு நேர் மேலே, பெரிய விருந்துக்கூடத்தை ஒட்டிப் புனித மார்ஷியல் சிற்றாலயம். இரண்டிலும் மத்தேயோ ஜொவான்னெத்தி 1344 முதல் 1348 வரை கிளமெண்ட்டுக்காகத் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. எப்போதும் திறந்திருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள், நுழைவாயிலிலேயே கேட்டுவிடுங்கள். மூடியிருந்தால் டேப்பில் பார்த்து ஆறுதல் அடைய வேண்டியதுதான். திறந்திருந்தால் ஓவியத்தில் தலைகள் மட்டும் இல்லாத உடல்களைக் கவனியுங்கள். 1810 முதல் 1906 வரை இந்த அரண்மனை ராணுவக் குடியிருப்பாக இருந்தது. சிப்பாய்கள் ஓவிய முகங்களைக் காரைப் பூச்சோடு வெட்டியெடுத்து வாங்குவோரிடம் விற்றார்கள். ஈரச் சுண்ணாம்பில் தீட்டும் ஓவியத்தில் நிறம் பூச்சின் உள்ளேயே ஊறி இறுகிவிடுவதால், கத்தியால் செதுக்கினால் ஓவியம் சில்லாகக் கையோடு வந்துவிடும். நிலைத்து நிற்பதற்காகச் செய்த முறையே திருட்டுக்கும் வழி செய்தது. நீல நிறத்தின் கதை வேறு. அசுரைட் நீலத்தை ஈரச் சுண்ணாம்பில் சேர்க்க முடியாது. காய்ந்த பிறகு பசையோடு பூச வேண்டும். அதனால் மற்ற நிறங்கள் நிற்கும்போதே நீலம் மட்டும் திட்டுத்திட்டாக உதிர்ந்துவிடும்.

பெரிய தீனெல் என்ற விருந்துக்கூடம் 48 மீட்டர் நீளம், பத்தேகால் மீட்டர் அகலம். சுவர்களையும் விதானத்தையும் மூடியிருந்த ஓவியங்கள் 1413-ஆம் ஆண்டுத் தீயில் போய்விட்டன. இங்கே டேப் தன் முழு வேலையையும் செய்கிறது: நட்சத்திரம் பதித்த நீல விதானம், மேடைமேல் தனியாக அமர்ந்து உண்ணும் பாப்பரசர், இரு பக்கச் சுவரோரமாக விருந்தினர். புதிய பாப்பரசரைக் கர்தினால்கள் தேர்ந்தெடுக்கும் கான்கிளேவ் நடந்ததும் இதே கூடத்தில்தான். கதவுகளைக் கல் வைத்து அடைத்துவிட்டுக் கர்தினால்களை உள்ளே பூட்டிவிடுவார்கள். தேர்தல் முடிந்த பிறகு அந்த அடைப்பை இடிப்பார்கள்.

கிளமெண்ட்டின் முடிசூட்டு விருந்து இந்தக் கூடத்தில் நடந்ததாகப் பலர் சொல்வதுண்டு. தவறு. அது 1342 மே மாதம் ஊரில் இருந்த டொமினிக்கன் மடத்தில் நடந்தது. அதன் கணக்கு ஏட்டில் இருக்கிறது: 118 காளைகள், 1,023 செம்மறிகள், 60 பன்றிகள், 1,195 வாத்துகள், 7,428 கோழிக்குஞ்சுகள், 39,980 முட்டைகள், 50,000 இனிப்பு அப்பங்கள், 95,000 ரொட்டிகள். முட்டைக் கணக்கை நாற்பதாயிரம் என்று முழுமையாக்காமல் இருபது குறைத்து எழுதிய கணக்கப்பிள்ளைக்கு ஒரு வணக்கம்.

தீனெலின் கோடியில் கிளமெண்ட் கட்டிய மேல் சமையற்கூடம். தலையை நிமிர்த்துங்கள். அறை முழுவதுமே ஒரு புகைபோக்கி. நான்கு சுவரும் மேலே போகப்போக எட்டுப் பட்டைக் கூம்பாகக் குறுகி வானத்தில் முடிகின்றன. அறையின் நடுத்தரையில் தீ மூட்டி, எல்லாப் பக்கத்திலும் ஆள் நின்று கம்பியில் இறைச்சியைச் சுற்றலாம். சூடேறிய காற்று கூம்பில் ஏறும்போது புகையையும் இழுத்துக்கொண்டு போகும். 19ஆம் நூற்றாண்டு வழிகாட்டிகள் இதைச் சித்திரவதைக் கூடம் என்று சொல்லி ஆட்களைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். கோழி வறுத்த இடம் என்று சொன்னால் அந்த அளவுக்குக் காசு கிடைத்திருக்காது போலும்.

இனி டேப்பை இறக்கிவிடுங்கள். அடுத்த மூன்று அறைகளுக்கு அது வேண்டாம்.

முதலாவது பெனடிக்டின் படிப்பறை, ஸ்டூடியம். சிறிய அறை, பலர் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் தரை ஓடுகள் 14ஆம் நூற்றாண்டில் பதித்தவை. மண்ணுக்கடியில் மறைந்து கிடந்து 1963-இல் வெளிப்பட்டன. பச்சை, பழுப்பு ஓடுகளும் மீன், பறவை, கோலம் தீட்டிய ஓடுகளும் கலந்து கிடக்கின்றன. பக்கத்தில் பாப்பரசர் படுக்கையறையில் நீங்கள் மிதித்து நடக்கும் பளபளப்பான தரை இதைப் பார்த்துச் செய்த நகல். அசல் எது நகல் எது என்று தெரிந்துகொள்ள இந்தச் சிறிய அறையில் இரண்டு நிமிடம் நின்றாலே போதும்.

இரண்டாவது அந்தப் படுக்கையறை. நான்கு சுவரிலும் நீலப் பின்னணி. அதில் திராட்சைக் கொடியும் ஓக் இலையும் சுருள் சுருளாக ஓட, இடையிடையே அணில்களும் பறவைகளும். எல்லாரும் சுவரைப் பார்ப்பார்கள். நீங்கள் சன்னல் மாடத்துக்குள் போய்ப் பக்கவாட்டில் பாருங்கள்: அங்கே பறவைக் கூண்டுகள் தீட்டியிருக்கும். கூண்டு வரைந்த கோணம் உண்மையான ஆழத்தைக் காட்ட முயல்கிறது. அந்தக் காலத்துக்கு இது புதிய வித்தை.

மூன்றாவதுக்காகவே டிக்கெட் எடுக்கலாம். மான் அறை, கிளமெண்ட்டின் சொந்தப் படிப்பறை, 1343. சுவர் முழுக்கக் காடு. ஒரு திருத்தந்தையின் அறையில் புனிதர் ஒருவர்கூட இல்லை, சிலுவை இல்லை. பருந்து ஏந்திய வேடர், முயல் வளைக்குள் கீரி போன்ற ஃபெரெட் பிராணியை விடுகிறவன், பழம் பறிக்கிறவர்கள் எல்லாம் உண்டு. வடக்குச் சுவரில் ஒரு செவ்வக மீன்குளம்; நான்கு பேர் வலையும் தூண்டிலுமாக நிற்கிறார்கள், தண்ணீருக்குள் மீன்கள் தெரிகின்றன. அறைக்குப் பெயர் கொடுத்த மான் வேட்டைக் காட்சிதான் மிக அதிகமாகச் சிதைந்தது. மானைத் தேடி ஏமாறாதீர்கள், வேட்டை நாய்களைத் தேடுங்கள். சுவரோவியமுள்ள அறைகளில் படமெடுக்கக் கட்டுப்பாடு உண்டு. ஃபிளாஷ் எங்குமே கூடாது. அறை சிறியது. இருபது பேர் நுழைந்தால் மூச்சு முட்டும். கூட்டமாக இருந்தால் ஒரு குழு வெளியேறும்வரை முன்னறையில் காத்திருந்து உள்ளே போங்கள்.

1348 ஜனவரியில் கொள்ளைநோய் அவிஞ்ஞோனுக்கு வந்தது. மருத்துவர்களின் சொல்படி கிளமெண்ட் தம் அறையில் இரண்டு பெரும் தீக்களுக்கு நடுவே அமர்ந்திருந்தார் என்பது புகழ்பெற்ற செய்தி. அவருடைய மருத்துவர் கீ தெ ஷோலியாக், அறுவை மருத்துவ வரலாற்றில் பெரிய பெயர். அவரும் ஊரை விட்டு ஓடாமல் நின்றார், நோயும் கண்டார், பிழைத்தார். யாரும் அண்டாத அறை, இரு பக்கமும் நெருப்பு, இரண்டும் சேர்ந்து கிளமெண்ட்டைக் காப்பாற்றியிருக்கலாம். இடுகாடு நிரம்பிவிட்டதால் ரோன் ஆற்றையே மந்திரித்துப் புனித நிலமாக்கி, சடலங்களை அதில் விட அனுமதித்தார். யூதர்கள் கிணற்றில் நஞ்சு கலந்ததால்தான் நோய் என்று ஊர் ஊராக அவர்களைக் கொன்றபோது, அந்த ஆண்டு ஜூலையிலும் செப்டம்பர் 26 அன்றும் ஆணைகள் விடுத்தார். அவர் வைத்த வாதம் எளியது: யூதர்களும் இதே நோயில் சாகிறார்கள், யூதர்களே இல்லாத இடங்களிலும் நோய் இருக்கிறது, பிறகு எப்படி அவர்கள் காரணம்? அவர் நேரடியாக ஆண்ட இந்த ஊரில் அவர்களுக்குப் புகலிடம் கிடைத்தது. ஆடம்பரப் பிரியர் என்று மட்டும் அவரைப் பற்றிப் படித்திருப்பவர்கள், மான் அறையில் நின்றபடி இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

பெரிய சிற்றாலயம் என்று பெயர். உண்மையில் 52 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமும் கொண்ட தேவாலயம். 1352 நவம்பர் 1 அன்று கிளமெண்ட் இங்கே முதல் பூசையைக் கொண்டாடினார். ஐந்து வாரத்தில் இறந்துவிட்டார். தொடக்கத்தில் சொன்ன அவசரத்தின் விலை இங்கே இருக்கிறது. சரிவான பாறைமேல் ஒரு பெரிய கூடம், அதன் தலையில் இன்னொன்று என்று ஏற்றியதில் தென்பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. வெளியே வந்த பிறகு தெற்கே உள்ள பெய்ரொல்ரி சந்துக்குள் நுழைந்தால், தெருவைத் தாண்டிக்கொண்டு சுவரைத் தாங்கும் பிரம்மாண்டமான முட்டு வளைவைத் தலைக்கு மேல் காணலாம். டிக்கெட் தேவையில்லை. சிற்றாலயத்தின் வாசலுக்கு எதிரே, கீழிருந்து அடையாளம் பார்த்து வைத்த அந்த ஆசி சன்னல்.

படியிறங்கினால் பெரும் நீதிமன்றக் கூடம். நடுவே ஒற்றை வரிசைத் தூண்கள், ஓலை விரிவதுபோல் விரியும் வளைவுகள். திருச்சபையின் ரோட்டா நீதிமன்றம் அமர்ந்த இடம். கிழக்குக் கோடி விதானத்தில் நீல வானும் நட்சத்திரங்களும், அதில் கையில் சுருளோலை ஏந்திய இருபது பேர். ஜொவான்னெத்தி 1352-53-இல் தீட்டிய இறைவாக்கினர்கள். உயரத்தில் இருந்ததால் சிப்பாய்களின் கத்தி எட்டவில்லை. கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம்.

வெளியேறும் வழி கடைக்குள் போகும். ரோன் பள்ளத்தாக்கு ஒயின்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஷாத்தோநெஃப்-டியூ-பாப் என்ற பெயர் பொறித்த புட்டியை வாங்கி, கிளமெண்ட் குடித்தது என்று யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஊர்க் கோட்டையைக் கட்டியவர் இருபத்திரண்டாம் யோவான்; இன்றைய ஒயினின் விதிமுறைகள் 20ஆம் நூற்றாண்டில் வந்தவை.

மொத்தச் சுற்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசி நுழைவு மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்றாலும், அந்த நேரத்தில் நுழைவது வீண். ஓவிய அறைகள் பாதையின் பின்பாதியில்தான் வருகின்றன. படிகள் ஏராளம், குறுகலானவை, தேய்ந்தவை. முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கும் தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் கடினம். பெரிய பைகளுக்கு அனுமதி இல்லை. குளிர்காலப் பருவத்தில் நீராவிக் குளியலறையையும் மறைவான படிக்கட்டுகளையும் காட்டும் தனி வழிகாட்டிச் சுற்று நடக்கும். முன்பதிவு வேண்டும், பெரும்பாலும் பிரெஞ்சில்தான். மொழி தெரிந்தால் டேப்பை விட அது மேல்.

டேப் அதிகம் பேசாத இன்னொரு மரபு கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது. 1343 ஜனவரி 27 அன்று கிளமெண்ட் வெளியிட்ட 'உனிஜெனித்துஸ்' ஆணை, ரோமுக்கு யாத்திரை வருவோருக்குப் பாவத் தண்டனையை நீக்கும் யூபிலி ஆண்டை நூறாண்டுக்கு ஒருமுறை என்பதிலிருந்து ஐம்பதாண்டுக்கு ஒருமுறை என்று மாற்றியது. கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிய பேறுகள் ஒரு கருவூலம், அதைப் பங்கிடும் அதிகாரம் திருச்சபைக்கு உண்டு என்றும் விளக்கியது. பரிபூரண பலன், அதாவது பாவத்துக்குரிய தண்டனையைத் திருச்சபை நீக்குவது பற்றிய போதனைக்கு அடிக்கல் அது. 1518-இல் ஆக்ஸ்பர்க் நகரில் கர்தினால் கயேத்தான், அந்தப் போதனையை எதிர்த்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் முன் எடுத்துவைத்தது இதே ஆணையைத்தான். கருவூல அறையில் நின்றுவிட்டு வந்தவர்களுக்கு இந்த உவமை எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்கத் தோன்றும். 1350 யூபிலிக்கு மக்கள் திரள் திரளாக ரோமுக்கு நடந்தார்கள். அழைத்தவர் அவிஞ்ஞோனிலேயே இருந்தார்.

அவரைத் தேடிப் போக விரும்புகிறவர்கள் அரண்மனையோடு நிற்க முடியாது. கல்லறை இங்கே இல்லை. சிறுவனாகச் சேர்ந்த லா ஷேஸ்-டியூ மடத்து ஆலயத்தைத் தம் செலவில் புதிதாகக் கட்டுவித்து, அங்கேயே அடக்கம் செய்யச் சொல்லிவிட்டார். ஓவெர்ன் மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள சிற்றூர் அது. லெ புய் நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், கார் இல்லாமல் போவது சிரமம். துறவியர் பாடுமிடத்தின் நடுவில் கருப்புப் பளிங்கின்மேல் வெள்ளைப் பளிங்கில் கிளமெண்ட் படுத்திருக்கிறார், தலையில் மும்முடி. சுற்றிலும் அவருடைய உறவினர்களான கர்தினால்கள், ஆயர்கள், பிரபுக்கள் என்று 44 சிறு உருவங்கள் நின்றன. 1562-இல் ஹியூகனோக்கள் என்ற பிரெஞ்சுப் புரொட்டஸ்டன்டுகள் புகுந்து அவற்றை உடைத்து, எலும்புகளை வெளியே எடுத்து எரித்தார்கள். படுத்த உருவம் மட்டும் தப்பியது. அதே ஆலயத்தில் பக்கச் சுவரில் 26 மீட்டர் நீளத்துக்குச் சாவின் நடனம் என்ற ஓவியம் உண்டு. வரிசையில் சாவு கைபிடித்து இழுத்துப்போகும் முதல் ஆட்களில் மும்முடி அணிந்த ஒருவரும் இருக்கிறார்.